பழைய பட்டத்தின் ஆயுள்

கடந்த பொங்கலுக்கு நான்கு நாள்கள் முன்னதாக என் தங்கையின் மகன் நெதர்லாந்திலிருந்து அரியாலைக்கு வந்து சேர்ந்தான். முதுகில் சுமந்து வந்த பெரிய பையைத் திண்ணையில் இறக்கி வைத்தவன், தேநீர் குடிக்கும் முன்பே அதைத் திறந்து முற்றத்தில் விரித்தான். மஞ்சளும் நீலமுமாக ஒரு துணி, மாமரத்தடியிலிருந்து கிணற்றடி வரைக்கும் விரிந்து கிடந்தது. பரப்பளவு 12 சதுர மீற்றர் என்றான்.

“என்ன தம்பி இது, கலியாணப் பந்தலோ?”

“பட்டம் மாமா. கடலிலை ஓடுற பட்டம்.”

கைட் சேர்ஃபிங் என்னும் விளையாட்டை அன்பர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். இடுப்பில் கட்டிய பட்டியில் பட்டத்தைக் கொளுவி, கால்களைப் பலகையொன்றில் மாட்டி, காற்றின் இழுவையில் நீர்மேல் சறுக்கிச் செல்வது. பிரான்சின் பிரித்தனிக் கரையைச் சேர்ந்த லெகேனியு சகோதரர் இருவர் 1984 இல் இதற்கான பட்டமொன்றுக்குக் காப்புரிமை கோரினர். பட்டத்தின் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் ஒன்றை வைத்தது அவர்களுடைய யோசனை. அதனால் நீரில் விழுந்தாலும் பட்டம் மிதக்கும், மீண்டும் எழும்பும். இலங்கையில் இதற்குப் பேர்போன இடம் கற்பிட்டி. மே முதல் ஒக்ரோபர் வரை தென்மேற்குக் காற்றும், டிசெம்பர் முதல் மார்ச் வரை வடகீழ்க் காற்றும் அங்கே தவறாமல் வீசுகின்றன. பொங்கல் முடிந்ததும் கற்பிட்டிக்குப் போவதே மருமகனின் திட்டம்.

ஆனால் பட்டம் பழையது. அதற்கு வயது பத்து. இரண்டு பேர் பாவித்து விற்றதை இவன் மலிவாக வாங்கியிருந்தான். புதியது வாங்க ஒரு மாதச் சம்பளம் போதாதாம். “கொஞ்சம் திருத்தினால் இன்னும் இரண்டு வருசம் ஓடும்” என்றான். பழைய பட்டத்துக்கு உயிர் கொடுப்பதில் எனக்கும் சற்று அனுபவம் உண்டு என்பதால் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சிறு பராயத்தில் எங்கள் வீட்டில் ஓர் எட்டுமூலைப் பட்டம் இருந்தது. ஐயா மூங்கில் சீவிக் கட்டியது. ஒவ்வொரு தை மாதமும் ரிசுத்தாள் புதிது, மாப்பசை புதிது, வாலும் அம்மாவின் கிழிந்த சேலையிலிருந்து புதிது. மாறாதது மூங்கிற் சட்டம் மட்டுமே. பருவம் முடிந்ததும் தாளை நனைத்து உரித்துவிட்டுச் சட்டத்தை அடுப்படி முகட்டில் தொங்கவிடுவார் ஐயா. புகை பட்ட மூங்கிலைப் பூச்சி அரிக்காது. விண்ணின் வில்லும் பக்கத்திலேயே தொங்கும். தாள் போனால் கடையில் வாங்கலாம், சமநிலை பார்த்துச் சீவிய சட்டம் போனால் பட்டமே போயிற்று என்பது ஐயாவின் கொள்கை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அந்தச் சட்டம் முகட்டிலேதான் இருந்தது. மறு ஆண்டு நாங்கள் திரும்பியபோது அடுப்படிக்கு முகடே இல்லை.

சரி, கடற்பட்டத்துக்கு வருவோம். முதல் வேலை கழுவுதல். உப்புப் படிகங்கள் துணியின் மடிப்புகளிலும் தையல்களிலும் புகுந்து அரம்போல் அராவுகின்றன, மணலும் அப்படியே. நல்ல காலமாக எங்கள் கிணறு நன்னீர்க் கிணறு. வாளி வாளியாக ஊற்றிக் கழுவி நிழலில் உலர்த்தினோம். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காய்ச்சினால் அதைவிடக் கேடு.

இரண்டாவது, காற்றுக் குழாய். ஊதி வைத்தால் ஒரு மணி நேரத்தில் தளர்ந்தது. தடித்த துணி உறைக்குள் பொலியூரித்தேன் பை ஒன்று இருக்கிறது, ஓட்டை அதில்தான். பையை உருவி எடுக்கும் முன் அதன் வால் முனையில் நீளமான கயிறொன்றைக் கட்டிவிட வேண்டும். கயிறு உறைக்குள்ளேயே கிடந்தால்தான் திருத்திய பையை மறுபடி இழுத்து நுழைக்கலாம். பாவாடைக்கு நாடா கோப்பது போன்ற வேலை. கிணற்றடித் தொட்டியில் அமுக்கியதும் குமிழிகள் ஓட்டையைக் காட்டிக் கொடுத்தன. சந்தியில் சைக்கிள் ஒட்டுக் கடை வைத்திருப்பவரை அழைத்து வந்தேன். அவர் வழக்கம்போல் உரசி, சொலூசன் பூசி ஒட்டினார். விடிந்தபோது ஒட்டு கழன்று கிடந்தது. றப்பருக்கான பசை இந்தப் பைக்குப் பிடிக்காதாம். பிறகு மருமகன் தன் பையிலிருந்த தனி ஒட்டை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டினான். அது நின்றது.

மூன்றாவது, நூல். நான்கு நூல்கள், ஒவ்வொன்றும் இருபது மீற்றருக்கு மேல். நான்கையும் ஒரு பனையில் கட்டி, மறுமுனையிலிருந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தோம். பாரம் தாங்கும் நடு நூல்கள் இரண்டும் நீண்டிருந்தன. ஓர நூல்கள் குறுகியிருந்தன. சில விரற்கடை வேறுபாடுதான். ஆனால் அதனால் பட்டம் சொற்கேளாப் பிள்ளையாகிவிடும். முடிச்சுகளை நகர்த்திச் சமப்படுத்தினோம். முச்சை பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது புதிய வித்தையல்ல.

நான்காவது, துணியின் கிழிசல்கள். சிறு பொத்தல்களுக்கு இரு புறமும் ஒட்டுத்துணி. மூலைகளை வட்டமாக வெட்டவேண்டும், கூர்மூலை விரைவில் உரிந்துவிடும். பின்விளிம்பில் ஒரு சாண் நீளக் கிழிசலைத் தையற்காரரிடம் கொண்டுபோனோம். அவர் துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஐயா, ஊசி போட்டால் முத்திரைத் தாள் மாதிரிக் கிழியும்” என்றார். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. “அவருக்கு இந்தத் துணி பழக்கமில்லை” என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐயாவின் பட்டத்தில் சட்டம் நிலைத்தது, தோல் மாறியது. இந்தப் பட்டத்தில் சட்டமென்பது வெறும் காற்று. பையை மாற்றலாம், வால்வை மாற்றலாம், நூலை மாற்றலாம். துணியை மாற்ற முடியாது. துணிதான் பட்டம். அந்தப் பொலியெஸ்டர் துணியைக் கொல்வது புயலன்று, வெயில். பறக்கும் நேரத்தில் மட்டுமல்ல, ஊதியபடி மணலில் கிடத்திவிட்டு நண்பர்களோடு கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்திலும், காற்றில் படபடவென அடிபட விட்டிருக்கும் நேரத்திலும் அது செத்துக்கொண்டிருக்கிறது. மேற்பூச்சுப் போனதும் துணி காற்றைக் கசியவிடும், நீரைக் குடிக்கும். மூன்று நாள்களாக நாங்கள் திருத்தியதெல்லாம் திருத்தக்கூடியவற்றை. திருத்தமுடியாத ஒன்றைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நெடுங்காலம் செய்தி மேசையில் இருந்தவன் நான். “கடலுக்குச் சென்றவர் கரை திரும்பவில்லை” என்ற ஒரு பத்திச் செய்தியை எத்தனை முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கரையிலிருந்து வெளிநோக்கிக் காற்று வீசும்போது, தொலைவில் பட்டம் கிழிந்தால் அதன் காற்றுக் குழாயைப் பற்றி மிதக்கலாம். பத்து வயதான குழாயும் கைவிட்டால்?

காலையில் அவனிடம் கேட்டேன். “துணி உரமோ எண்டு பார்க்க வழி இல்லையோ?”

சற்று நேரம் பேசாதிருந்தான். “இருக்கு மாமா. பெருவிரலாலை நல்லா அமத்திப் பார்க்கிறது. நல்ல துணி தாங்கும்.”

“பார்த்தனியோ?”

“இல்லை.”

அந்தச் சோதனை அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மூன்று நாள் கழுவினான், ஒட்டினான், முடிச்சிட்டான். நான் பின்விளிம்புக்கு அருகே துணியை இழுத்துப் பிடித்துப் பெருவிரலை ஊன்றினேன். எண்ணெய்க் கடதாசி கிழிவது போன்ற சிறு ஓசை. விரல் மறுபுறம் வந்தது. கிழிசல் அங்கே நிற்காமல் தையல் வரை ஓடியது.

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “உங்களுக்கு இப்ப சந்தோசமோ?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். மத்தியானம் சாப்பிட வரவில்லை. பிறர் பொருளைக் கிழித்துவிட்டோமே என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

பொழுது சாய, மணியந்தோட்டப் பக்கமாகக் கடனீரேரிக் கரையில் நடந்துவிட்டு வந்தான். வந்து என் அருகில் அமர்ந்து, நூல்களையும் வால்வுகளையும் சிறு கப்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். “இதுகள் நல்லா இருக்கு. அடுத்த பட்டத்துக்கு உதவும்” என்றான். அவ்வளவுதான். பொங்கலன்று இருவரும் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குப் போய்ப் பட்டப் போட்டி பார்த்தோம். கற்பிட்டியில் வாடகைக்கு ஒரு பட்டம் எடுத்து ஓடிவிட்டுப் பத்து நாளில் கறுத்துத் திரும்பினான்.

துணியை எனக்கு விட்டுச் சென்றான். சுருட்டும்போது உட்புறமாகக் கிடந்து வெயில் குறைவாகப் பட்ட ஒரு பகுதி பெருவிரலைத் தாங்கியது. அதை வெட்டி, மூங்கில் சீவி, ஓர் எட்டுமூலை கட்டினேன். ஐயாவின் கைத்திறன் எனக்கில்லை. ரிசுத்தாளைவிடத் துணி பாரமும் கூட. இரண்டு முறை தலைகுப்புற விழுந்தது. முச்சையைச் சற்று மேலே ஏற்றி, வாலைக் குறைத்ததும் எழும்பியது. விண் பூட்டியதும் அயல்வீட்டுப் பொடியன்கள் மதிலேறி வந்துவிட்டார்கள்.

இப்போது அது என் அறையில், சன்னலுக்கு எட்டத்தில், பழைய வேட்டியால் மூடித் தொங்குகிறது. பொடியன்கள் கேட்கும்போதெல்லாம் கொடுக்கிறேன். ஒரே நிபந்தனை: விளையாடி முடிந்ததும் வெயிலில் போட்டுவிட்டு ஓடக்கூடாது.