ரெண்டாவது கியர்

போன ஐப்பசியில் எங்கள் ஜீப் மண்மேட்டில் மோதியதை அப்போது ஒரே வரியில் எழுதிவிட்டு, மிளகுக் கொடி பக்கம் பேச்சை மாற்றிவிட்டேன். விரிவாக எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். இப்போது வண்டி மறுபடி ஓடுகிறது, எழுதிவிடலாம்.

எங்கள் தோட்டம் தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் கீழே. காபி, மிளகு, நடுவில் மலை வாழை. ஜீப் அப்பா வாங்கியது, பழைய சி.ஜே. 3பி பெட்ரோல் வண்டி. பானெட் உயரமாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதே மாடல். 1953-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி இந்த மாடலைக் கொண்டுவந்தது. புது எஞ்சின் பழைய பானெட்டுக்குள் அடங்காததால் பானெட்டை உயர்த்தினார்கள். நம்ம ஊரில் மஹிந்திரா செய்தது. முன்னுக்கு மூன்றே கியர். இரண்டுக்கும் மூன்றுக்கும் சிங்க்ரோ உண்டு, ஒண்ணுக்குக் கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது ஃபர்ஸ்ட் போட வேண்டுமென்றால் டபுள் கிளட்ச் அடித்து, எஞ்சினை ஏற்றி, சரியான நொடியில் தள்ள வேண்டும். தவறினால் கரகரவென்று கத்தும், விழாது.

மலை இறங்க இந்த வண்டிக்கு ரெண்டாவது கியர்தான் உயிர். டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ இருக்கிறதே என்று கேட்கலாம். ஃபர்ஸ்ட் 2.8, லோ 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 37 சுற்று சுற்றும். சேற்றில் அதுபோல ஒன்று கிடையாது. ஆனால் இந்த வண்டியில் லோ போட வேண்டுமென்றால் முன் ஆக்சிலையும் சேர்க்க வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் வளைவு திருப்பினால் வண்டி முறுக்கிக்கொள்ளும். அதனால் தார் ரோட்டில் இறங்க ரெண்டாவது கியரும் டிரம் பிரேக்கும்தான்.

அந்த ரெண்டாவது கியர் இரண்டு வருஷமாகவே இறக்கத்தில் நழுவிக்கொண்டிருந்தது. ஏறும்போது ஒன்றும் செய்யாது. இறங்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் லீவர் டக்கென்று பின்னால் வந்து நியூட்ரலில் நிற்கும். நான் என்ன செய்தேன்? இடது கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டப் பழகிக்கொண்டேன். ரிப்பேர் செய்ய வேண்டியதற்குப் பழகிக்கொள்வது நம்ம விவசாயிகளுக்கு உள்ள வியாதி. மோட்டார் ஸ்டார்ட்டரில் குச்சி சொருகி வைக்கிற கூட்டம்தானே.

அன்று சாயங்காலம் பின்னால் எட்டு வாழைத்தார், நாலு பொம்பளையாட்கள். தூறல். வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்க லீவரில் இருந்து கையை எடுத்தேன். கியர் வெளியே வந்துவிட்டது. ஃபர்ஸ்ட் விழவில்லை. பிரேக்கை மிதித்தேன், ஏற்கெனவே சூடேறிய டிரம், மிதி உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபருக்குப் பின்னால் ராடு போகிற இடத்தில் ஒரு டிரம்மில் பிடிக்கும். கியர் வெளியே வந்தாலும் அது வேலை செய்யும். அதுதான் காப்பாற்றியது. பாதி வேகத்தில் மலைப்பக்க மண்மேட்டில் ஏறி நின்றோம். மற்றப் பக்கம் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டியதில்லை.

யாருக்கும் பெரிதாக அடியில்லை. எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷமாக வேலை செய்யும் அக்காவுக்கு மட்டும் நெற்றியில் இரண்டு தையல். நான் மன்னிப்புக் கேட்டபோது, "உனக்குத் தெரியும்ல தம்பி, கியரு நிக்காதுன்னு? கையில புடிச்சுக்கிட்டே ஓட்டுறத நான் பாத்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் வர ஆரம்பித்தார்.

பாய் பட்டறை வத்தலக்குண்டில். பாக்ஸைத் திறந்து காட்டினார். ரெண்டாவது கியரின் பூட்டுப் பற்கள், சதுரமாக இருக்க வேண்டியவை, பென்சில் சீவினதுபோல் சரிந்திருந்தன. ஏறும்போது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது, விசை பல்லின் மறுபக்கத்துக்கு மாறுகிறது. அந்தப் பக்கம் தேய்ந்து சரிந்துவிட்டால் பல்லே கியரை வெளியே தள்ளிவிடும். நான் லீவரைப் பிடித்து இழுத்த ஒவ்வொரு தடவையும் அந்தச் சரிவைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். போதாததற்கு லே ஷாஃப்டில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம்.

"தம்பி, இதுக்குப் பார்ட்ஸ் தேடி அலையுறதுக்கு, பின்னாடி வந்த டீசல் ஜீப்போட நாலு கியர் பாக்ஸப் போட்டுருவோம்" என்றார் பாய். எஞ்சினையும் மாற்றிவிடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்ற வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. கியர் பாக்ஸ் மட்டும் போதும் என்றேன்.

மதுரையில் பழைய சாமான் கடையில் பாக்ஸும் டிரான்ஸ்ஃபரும் ஜோடியாகவே எடுத்தோம். பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் வாலில்தான் டிரான்ஸ்ஃபரின் கியர் உட்காருகிறது. ஒன்றை இங்கே ஒன்றை அங்கே வாங்கினால் அது சேருமா சேராதா என்று இன்னொரு தலைவலி.

அந்தப் பாக்ஸைப் பிரித்துச் சேர்க்கிற வேலையில் பாய் என்னையும் உட்கார வைத்துக்கொண்டார். பித்தளை சிங்க்ரோ ரிங்கைக் கோனில் அழுத்தித் திருகினால் பிடிக்க வேண்டும். வழுக்கினால் தூக்கி எறி. ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியும் பார்த்தோம். நாலில் இரண்டு ரிங் போச்சு. லே கியருக்குள் நீடில் ரோலர்கள் வரிசையாக நிற்க வேண்டும். கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தால், ஷாஃப்டைத் தள்ளும்போது எல்லாம் சரிந்து விழும். அதற்கு லே கியரின் நீளத்துக்கே, ஷாஃப்டை விட ஒரு மயிரிழை மெல்லிசாக ஒரு டம்மி வேண்டும். நான் காய்ந்த காபிக் கம்பு ஒன்றைத் தோட்டத்திலிருந்து கொண்டுபோய் உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தேன். நல்ல கெட்டி மரம். டம்மியைச் சுற்றி ரோலர்களை நிறுத்தி, கியரைக் கேஸுக்குள் இறக்கி, நிஜ ஷாஃப்டை ஒரு பக்கம் தள்ளத் தள்ளக் காபிக் கம்பு மறுபக்கம் வெளியே வந்தது. ஒரு ரோலர்கூட விழவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு மிளகு விலை ஏறியபோதுகூட வந்ததில்லை.

இனிமேல்தான் நான் செய்த தப்பு. புது பாக்ஸின் முகமும் என் பெல் ஹவுசிங்கும் போல்ட்டுக்குப் போல்ட் சேரவில்லை. நடுவில் ஒரு பிளேட் வேண்டும். அதன் கனத்தை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. இன்புட் ஷாஃப்டின் நுனி எஞ்சின் பக்கம் பைலட் புஷ்ஷுக்குள் போதுமான அளவு நுழைய வேண்டும், ஆனால் முட்டக் கூடாது. கிளட்ச் பிளேட்டும் ஸ்ப்ளைன் மேலேயே நிற்க வேண்டும். அளவெல்லாம் சரியாக எடுத்தோம். ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டது, காபிப் பழம் சிவந்துவிட்டது, பறித்த பழத்தை இறக்க வண்டி வேண்டும். பாய் "டோவல் பின் அடிச்சு சென்டர் பாத்துட்டு முடுக்கலாம், ரெண்டு நாள் பொறு" என்றார். நான் பொறுக்கவில்லை. லேத்தில் ஓட்டை போட்டு வந்த பிளேட்டை அப்படியே போல்ட்டில் முடுக்கச் சொன்னேன்.

நாற்பது கிலோமீட்டர்கூட ஓடவில்லை. டாப் கியர் வெளியே வந்தது. டாப்பில் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராகச் சேர்ந்து ஒரே ஷாஃப்ட்போல் சுற்றும். இரண்டின் சென்டரும் விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஆடி ஆடி வெளியே வரும். ஒரு பாக்ஸ் நழுவியதால் ஆட்களைக் கொல்லப் பார்த்தவன், அவசரத்தில் இன்னொரு நழுவுகிற பாக்ஸைச் செய்து வைத்திருக்கிறேன்.

வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, காபியை வாடகை ஜீப்பில் இறக்கினேன். லாபத்தில் பாதி வாடகைக்குப் போனது. போகட்டும்.

பாக்ஸை மறுபடி இறக்கி, ஃப்ளைவீலில் டயல் கேஜை மாட்டி, முள்ளைப் பிளேட்டின் உள்வட்டத்தில் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினார் பாய். முள் 28 தவ் ஆடியது. தவ் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆட்டத்தில் பாதிதான் விலகல், அதாவது 14. ஐந்துக்குள் இருக்க வேண்டும். போல்ட் ஓட்டையில் இருக்கிற சின்ன லூஸ் போதும் இவ்வளவு விலக. பிளேட்டைத் தட்டித் தட்டி நகர்த்தி, முள் 4 தவ் ஆட்டத்துக்கு வந்ததும் முடுக்கி, அதே நிலையில் துளை போட்டு இரண்டு டோவல் பின் அடித்தார். அரை நாள் வேலை.

மற்றதெல்லாம் சுருக்கம். பாக்ஸ் நீளமாகிவிட்டதால் டிரான்ஸ்ஃபர் பின்னால் நகர்ந்தது. பின் ராடை வெட்டிக் குறைத்து, முன் ராடை நீட்டி, திண்டுக்கல்லில் பேலன்ஸ் செய்தோம். சேஸிஸில் கை வைக்காமல் கிராஸ் மெம்பரை மட்டும் மாற்றினோம். ஆயில் 90 கிரேடு, ஜி.எல். 4. ஜி.எல். 5 பித்தளை ரிங்கைத் தின்னும் என்று பாய் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் ஊற்றினார். பிரேக்கையும் அடியோடு புதிதாக்கினேன்.

தை முழுக்க ஆளில்லாமல், மணல் மூட்டை ஏற்றி ஏற்றி இறக்கினேன். லீவரைத் தொடவே இல்லை. நழுவவில்லை. டிரான்ஸ்ஃபர் பக்கம் மட்டும் சொட்டுச் சொட்டாக ஆயில் கசிகிறது, கீழே ஒரு அட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன்.

மற்ற மூன்று பேரும் மாசியில் ஏறிவிட்டார்கள். அக்கா காலையில் மேலே வரும்போது மட்டும் ஜீப்பில் வந்தார். "ஏறும்போது வாரேன் தம்பி, எறங்கும்போது பஸ்ல போய்க்கிறேன்." நான் வற்புறுத்தவில்லை. போன வாரம் மழையில் சாயங்கால பஸ் வரவில்லை. எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தவர், முன் சீட்டுக் கதவுப் பக்கம் வந்து, "தள்ளி வைய்யி அந்தப் பையை" என்று ஏறினார். கீழே வரும் வரை அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, கியர் லீவரையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தேன்.