ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

டிரையல் பேலன்ஸில் பற்றும் வரவும் சேராதபோது அனுபவப்பட்ட கணக்கர் முதலில் பார்ப்பது, வித்தியாசத் தொகை ஒன்பதால் வகுபடுகிறதா என்பதைத்தான். வகுபட்டால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 5,870 ரூபாய் 5,780 ஆகியிருந்தால் வித்தியாசம் 90. ஒன்பதால் வகுபடாத இரட்டைப்படைத் தொகை என்றால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேட வேண்டும். பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் நான் சேர்ந்த புதிதில் மூத்த கணக்கர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை இது. ஏன் ஒன்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வித்தியாசம் பிடிபட்டால் நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம். அதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு?

அந்த ‘ஏன்’ எனக்குப் புரிந்தது நாற்பதைத் தாண்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவியான பிறகுதான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும்போது ஒன்றின் மதிப்பு பத்து மடங்காகிறது, மற்றது பத்தில் ஒரு பங்காகிறது. கழித்துப் பார்த்தால் அந்த இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தைப்போல் ஒன்பது மடங்கு, அல்லது தொண்ணூறு மடங்கு என்று, எப்படியும் ஒன்பதின் பெருக்கல்தான் மிஞ்சும். பள்ளிக்கூட இயற்கணிதம்தான். ஆனால் வாழ்நாளில் பாதியை அந்த வித்தையை வைத்தே ஓட்டியவளுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சென்னை ஐஐடி 2020-இல் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. நான் சேர்ந்தது அதில்தான். இப்போது அதன் பெயர் டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ். பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும்; வயது வரம்பு கிடையாது. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வில் தேறியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வீடியோவை வீட்டில் பார்க்கலாம், தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அடிப்படை நிலை, டிப்ளமோ, பட்டம் என்று படிப்படியாக அமைத்திருப்பதால், நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த நிலைக்கான சான்றிதழ் கைக்கு வரும். குடும்பஸ்தர்களின் நிலைமை தெரிந்த யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு இது என்பது என் கணிப்பு.

தொடக்கப் பாடங்களில் ஒன்றான ‘கம்ப்யூட்டேஷனல் திங்கிங்’கில் முதலில் நிரல் எழுதவே சொல்வதில்லை. கடை பில்கள், மாணவர்களின் மதிப்பெண் அட்டைகள், ஒரு பத்தியிலுள்ள சொற்கள் எல்லாவற்றையும் அட்டைகளாக அடுக்கிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, குறித்துக்கொண்டு, பக்கத்துக் குவியலில் போடும் முறையைச் சொல்லித்தருகிறார்கள். பில் கட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிட்டிங் பில், டையிங் பில், ஜாப் ஒர்க் பில் என்று வாழ்நாளெல்லாம் பிரித்து அடுக்கியவளுக்கு இதில் புதிதாக என்ன? புதிது ஒன்று இருந்தது. கை தானாகச் செய்யும் வேலையை, ஒரு அடி விடாமல், தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் எழுதிக்காட்ட வேண்டும். கம்ப்யூட்டர்தான் அந்தத் தெரியாதவன்.

அப்போது மகள் பிளஸ் டூ. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலும் பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பைதான்தான். இரவில் ஒரே மேசையில் இருவரும் உட்காருவோம்.

“ம்மா, ஒண்ணுல இருந்து இல்ல, சைபர்ல இருந்து எண்ணோணும்.”

“வரிசை எண்ணை எந்தக் கணக்குப்பிள்ளை கண்ணு சைபர்ல ஆரம்பிப்பான்?”

“பைதான் கணக்குப்பிள்ளை ஆரம்பிப்பான். எழுதும்மா.”

என் தொழில் மானத்தை உண்மையிலேயே சீண்டியது வேறொன்று. பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். கோடிக்கணக்கில் கணக்குப் பார்க்கும் இயந்திரம் பத்துக் காசும் இருபது காசும் கூட்டத் தெரியாமல் விழிக்கிறது! காரணம் எளிது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முடிவாக எழுத முடியாததுபோல, பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது. எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால் பணத்தைக் காசாக மாற்றி முழு எண்ணில் வைக்க வேண்டும், அல்லது தசமக் கணக்குக்கென்றே உள்ள வசதியைப் பயன்படுத்த வேண்டும். கூடப் படித்த இளவட்டங்கள் இதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை. ஒரு காசு வித்தியாசத்துக்கு மார்ச் மாதக் கடைசியில் ஆபீஸே விழித்திருந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கடைசி நாலு எவ்வளவு பெரியது என்று தெரியும்.

தொழிலில் தினமும் கையாண்ட இன்னொன்றின் ‘ஏன்’ புரிந்ததும் இந்தப் படிப்பில்தான்: ஜிஎஸ்டி எண். 2017 ஜூலையிலிருந்து அந்தப் பதினைந்து எழுத்தை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து எதற்கு என்று யோசித்ததில்லை. முன்னால் இருப்பவற்றைக் கணக்குப்போட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து அது. நடுவில் ஒன்று தப்பினால் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வகைச் சரிபார்ப்புகளில் பெயர்பெற்றது வங்கி அட்டை எண்களில் இருக்கும் லூன் முறை. ஒன்றுவிட்டு ஒன்று இலக்கங்களை இரட்டித்து, இரட்டித்தது ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் பத்தால் வகுபட வேண்டும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், 09-ஐ 90 ஆக்குவதும் 90-ஐ 09 ஆக்குவதும் தவிர, எல்லாவற்றையும் பிடித்துவிடும். என் மூத்த கணக்கரின் ஒன்பதாம் வித்தைக்கு இது நெருங்கிய சொந்தம்.

அதைக் கண்டுபிடித்த ஹான்ஸ் பீட்டர் லூன் யார் என்று தேடியபோதுதான் எனக்குத் தெம்பு வந்தது. 1896-இல் ஜெர்மனியில் பிறந்தவர், ஜவுளித் தொழிலில் இருந்தவர். துணியில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் ‘லூனோமீட்டர்’ என்ற கருவி அவர் கண்டுபிடிப்பு. ஐபிஎம்மில் அவர் சேர்ந்தது 1941-இல், தன் வயதின் நாற்பதுகளின் நடுவில். 1953-இல் அவர் எழுதிய ஒரு குறிப்பில்தான் ஹாஷிங் என்ற உத்தியின் தொடக்கம் இருக்கிறது. பைதானின் டிக்‌ஷனரி அதன்மேல்தான் நிற்கிறது. சரிபார்ப்பு எண்ணுக்குக் காப்புரிமை கேட்டது 1954-இல், கிடைத்தது 1960-இல். துணிக்காரர்! திருப்பூரில் இருந்துகொண்டு இதைப் படித்தவள் எப்படிச் சும்மா இருப்பாள்? ஆபீஸில் எல்லாரிடமும் சொன்னேன். கட்டிங் மாஸ்டர் மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டார்.

கம்ப்யூட்டர் துறையின் முன்னோடிகளில் ஒருவரான கிரேஸ் ஹாப்பரும் கணிதப் பேராசிரியையாக இருந்து, 1943-இல் கடற்படையில் சேர்ந்து, அதன் பிறகே ஹார்வர்டின் மார்க் 1 இயந்திரத்துக்கு வந்தவர். அப்போது வயது 37. அமெரிக்காவின் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை பர்டியூ பல்கலைக்கழகத்தில் தொடங்கியதே 1962-இல். அதற்கு முன் இந்தத் துறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள்தான். இதைச் சொல்லி யாரையும் உசுப்பேற்ற விரும்பவில்லை. ஹாப்பர் யேலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், நான் பி.காம்.

காமர்ஸ் குரூப்பிலிருந்து வந்தவர்களுக்குக் கணிதம் பாடாய்ப் படுத்தும். பத்து லட்சம் பெயர்கள் வரிசையாக இருந்தால், பாதி பாதியாக வெட்டித் தேடினால் இருபது முறையில் கிடைத்துவிடும் என்பது உடனே புரிந்தது. அந்த இருபதுக்கும் மடக்கைக்கும் என்ன சம்பந்தம் என்பது புரியப் பல இரவுகள் போயின. மூளை மங்கிவிட்டதால் அல்ல; இரவுகள்தான் குறைவு. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20-ஆம் தேதி 3பி படிவம், ஜூலைக் கடைசியில் வருமான வரி. தேர்வு எந்தத் தேதியில் வந்தாலும் இவற்றில் ஒன்றோடு மோதும். இருபது வயதுப் பிள்ளைக்குத் தட்டில் சோறு வந்துவிடும். நாற்பது வயது மாணவி சமைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். சின்னத்தை ஒருவர், “இந்த வயசுல படிச்சு என்னங் அம்மிணி பண்ணப்போற?” என்று வருகிறபோதெல்லாம் கேட்பார். நியாயமான கேள்வி, சும்மா சிரித்துத் தள்ளிவிட முடியாது.

ஏனென்றால் வேலைச் சந்தை ஈரமற்றது. புதியவர்களை எடுக்கும் கம்பெனிகள் பல, எந்த வருடம் படிப்பை முடித்தாய் என்றுதான் முதலில் கேட்கின்றன. இருபத்திரண்டு வயதுப் பையனோடு அந்த வரிசையில் நிற்பது வீண். ‘ஆறு மாதத்தில் ஐடி வேலை’ என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பதை நம்பிப் பணம் கட்டுவது அதைவிட வீண். வயதான பிறகு வருகிறவர்களுக்கு வழி, விட்டுவந்த தொழிலின் வாசலில்தான் இருக்கிறது. சாயப்பட்டறைக் கணக்கும் ஏற்றுமதி பில்லும் தெரிந்து, நிரலும் எழுதத் தெரிந்தவர்களைத் தேடினால் சுலபத்தில் கிடைக்க மாட்டார்கள். நிரலையே இப்போது இயந்திரம் எழுதிவிடுகிறதே என்கிறார்கள். எழுதட்டும். அது எழுதியது சேர்கிறதா, சேரவில்லையென்றால் வித்தியாசம் எங்கே என்று பார்க்க ஆள் வேண்டாமா? கம்பெனியில் என் வேலை மெதுவாக அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது: சரக்கு இருப்பு, சாய நஷ்டம், பாக்கி வைத்திருக்கும் பார்ட்டிகள் என்று எல்லாவற்றுக்கும் நான் எழுதிய நிரல்கள் ஓடுகின்றன. சம்பளம் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது.

சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் பன்னிரண்டாம் வகுப்புக் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தை இறக்கிக்கொள்ளுங்கள். தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பைதான் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு பாடங்களின் பயிற்சிகளைக் கைப்பட எழுதி ஓட்டிப் பாருங்கள். மறுநாள் இரவும் உட்காரத் தோன்றினால் சேருங்கள். பார்க்கும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.