‘என்ஜாய் எஞ்சாமி’: பாட்டு ஒன்று, சொந்தக்காரர்கள் மூவர்!

2022 ஜூலை கடைசியில் நாவலூர் பக்கம் போனவர்களுக்கு ‘தம்பி’யை ஞாபகம் இருக்கும். வேட்டி சட்டையில் கும்பிட்டு நின்ற செஸ் குதிரை. மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடின் சின்னம் அது. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. பிரதமர், முதல்வர் என்று முன்வரிசை நிரம்பியிருக்க, பாடகி தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடினார்கள்.

பாட்டை எழுதிய அறிவு மேடையில் இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. ஆனால், சில நாள்களில் அறிவு இன்ஸ்டாகிராமில் எழுதியது வேறு மாதிரி இருந்தது. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது எல்லாமே தான்தான். யாரும் ஒரு மெட்டோ, ஒரு சொல்லோ தரவில்லை. ஆறு மாத உழைப்பு என்றார். பதிலுக்கு சந்தோஷ் நாராயணன், இசை தன்னுடையது, மெட்டு தீயும் தானும் போட்டது, வரிகள் அறிவுடையவை, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். அறிவின் பங்கைத் தான் எங்கும் மறைத்ததில்லை என்று தீயும் எழுதினார்.

பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் இந்தக் கோபம் புரியும். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர்கள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று கணக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். மனிதர்களைச் சந்தை வெண்டைக்காய் மாதிரி பங்கு பிரித்த ஒப்பந்தம்! காடு திருத்திய கைக்கு ஒரு பிடி மண்கூட மிஞ்சவில்லை. பாட்டி சொன்ன அந்தக் கதைதான் ஒப்பாரி கலந்து ராப் ஆனது. பேரனைக் கொஞ்சும்போது பாட்டிகள் சொல்கிற ‘என் சாமி’தான் தலைப்பில் இருக்கிற எஞ்சாமி.

2021 மார்ச் 7-ல் மாஜ்ஜா என்ற நிறுவனத்தின் வழியாகப் பாட்டு வெளியானது. ஏ.ஆர்.ரஹ்மான் துணைநின்ற நிறுவனம் அது. சினிமா இல்லை, ஹீரோ இல்லை. அமித் கிருஷ்ணன் இயக்கிய வீடியோ மட்டும்தான். யூடியூபில் 40 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. டிஜே ஸ்னேக் ரீமிக்ஸ் செய்தார்.

உரசல் அந்த ஆண்டே தொடங்கிவிட்டது. ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. நிலத்தை இழந்தவர்களின் பாட்டில், எழுதியவனின் படம் விடுபட்டுப்போவது சாதாரண டிசைன் பிழையாகப் பலருக்குத் தோன்றவில்லை. நியாயம்தானே?

சரி, மூன்று பங்கு என்றார்களே, பணம்? 2024 மார்ச்சில், பாட்டின் மூன்றாவது பிறந்தநாளில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார். மூவருக்குமே இதுவரை ஒரு பைசா வரவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. ரஹ்மானும் பாதிக்கப்பட்டவர்தான் என்றார். யார் பெயர் முதலில் என்று மூவரும் மோதிய பாட்டில், பங்கு பிரிக்கவே எதுவும் வரவில்லையாம்.

ஓஎம்ஆரில் வார இறுதி நாள்களில் கிடாரும் டிரம்ஸும் வைத்துப் பழகும் ஐடி பேண்டுகள் இந்தப் பாட்டை ஆபீஸ் விழாக்களில் தவறாமல் வாசிப்பார்கள். சொந்தமாக சிங்கிள் விட நினைக்கிறவர்கள் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தையும் ஒருமுறை வாசிக்கலாம். உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும், பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து போட்டாலும் செல்லாது. ஆனால், எழுதியது யார், மெட்டு போட்டது யார் என்பதை ரெக்கார்டிங்குக்கு முன்பே பேண்டுக்குள் ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் சட்டம் வந்து எழுதித் தராது.