ஓடிவருகிறவன் யார்?



இந்த வாரத் தியானத்திற்கு 2 சாமுவேல் 18ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை எடுத்துக்கொள்ளுவோம். என் தவறு ஒன்றே இதை எழுதும்படி என்னை ஏவியது. அதைப் பின்னால் அறிக்கையிடுகிறேன்.

யுத்தம் முடிந்துவிட்டது. நகரவாசலில் தாவீது செய்திக்காகக் காத்திருக்கிறான். யாரோ ஒருவன் ஓடிவருவதை ஜாமக்காரன் காண்கிறான். ஓட்டத்தைப் பார்த்தால் சாதோக்கின் குமாரன் அகிமாஸ் போலிருக்கிறது என்கிறான். அவன் நல்லவன், ஆகையால் அவன் கொண்டுவருவதும் நல்ல செய்தியாகவே இருக்கும் என்று ராஜா தீர்மானித்துவிடுகிறான். கவனியுங்கள்: செய்தி இன்னும் வந்து சேரவில்லை, தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது.

அகிமாஸ் வெற்றியைச் சொல்லிப் பணிகிறான். பிள்ளையாண்டானாகிய அப்சலோம் சுகமாயிருக்கிறானா என்று தாவீது கேட்கிறான். பெரிய சந்தடியைக் கண்டதாகவும் அது இன்னதென்று தெரியாது என்றும் அகிமாஸ் பதில் சொல்லுகிறான். ஆனால் ராஜகுமாரன் இறந்துபோனதைப் புறப்படுமுன்னே யோவாப் அவனுக்குச் சொல்லியிருந்தான். அவன் அறிந்தே மறைத்தான். பின்னால் வந்த பெயரறியாத கூஷியனே உண்மையைச் சொன்னான். நல்லவன் என்று பெயரெடுத்தவன் மறைத்ததை அந்நியன் வெளியே சொன்னான்.

நமக்கும் நாள்தோறும் பலர் ஓடிவந்து செய்தி சொல்லுகிறார்கள். பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் அவர்கள் வருகிறார்கள். அவர்களை எப்படி நிதானிப்பது? இதற்கு உண்மை வரலாறு ஒன்று நமக்கு உதவும்.

1933ஆம் ஆண்டில் சோவியத் ஆட்சியின் கீழிருந்த உக்ரைனில் கொடிய பஞ்சம் நிலவிற்று. விளைந்த தானியத்தை அரசே பறித்துக்கொண்டதால் மக்கள் மடிந்தார்கள். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அக்காலத்தில் மாஸ்கோவிலிருந்து எழுதியவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வால்டர் டியூரண்டி. 1932இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். மக்களுக்குப் பசி உண்டு, ஆயினும் பட்டினிச் சாவு இல்லை என்று அவர் எழுதினார். 1933 செப்டம்பரில், ஒரு கோடிப் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று பிரிட்டிஷ் தூதரகத்தாரிடம் அவரே தனிமையில் சொன்னது தூதரக ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. அவரும் அகிமாஸைப் போலவே அறிந்திருந்தார்.

அவருக்கு எதிராக நின்றவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கேரத் ஜோன்ஸ் என்ற இருபத்தேழு வயது இளைஞர். ரஷ்ய மொழி அறிந்த அவர், 1933 மார்ச்சில் ரயிலிலிருந்து இறங்கி, கிராமம் கிராமமாக நடந்து, குடியானவர்களின் வீடுகளில் தங்கி, ரொட்டி இல்லை என்ற அவர்களுடைய ஓலத்தைக் காதாரக் கேட்டார். மார்ச் 29ஆம் தேதி பெர்லினில் அதை வெளிப்படுத்தினார். இரண்டே நாளில் டியூரண்டி அதை மறுத்து எழுத, உலகம் பெயர்பெற்றவரையே நம்பிற்று. சோவியத் நாட்டுக்குள் மீண்டும் நுழைய ஜோன்ஸுக்கு அனுமதி இல்லாமற்போயிற்று.

மூன்றாவது மனிதர் மால்கம் மகரிட்ஜ். முன்னர் ஆலுவாவிலுள்ள யூனியன் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். பிற்காலத்தில் அன்னை தெரேசாவைப் பற்றி எழுதியவரும் அவரே. பொதுவுடைமை நாட்டைப் பற்றிய பெரும் நம்பிக்கையோடுதான் அவர் மாஸ்கோவுக்குப் போனார். பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டபின், தம் நம்பிக்கைக்கே விரோதமாக எழுதினார். தணிக்கை அதிகாரிகளுக்குத் தப்பும்படி தூதரகப் பை வழியாக அனுப்பிய அந்தக் கட்டுரைகளை மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகை அவருடைய பெயரின்றி வெளியிட்டது.

பிரியமானவர்களே, சார்பு இல்லாத மனிதன் பூமியில் இல்லை. மகரிட்ஜுக்கும் சார்பு இருந்தது. ஆனால் கண்ட உண்மைக்கு அது இடம்விட்டு விலகிக்கொண்டது. ஆகவே ஒரு செய்தியாளரை நிதானிக்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். அவர் போய்ப் பார்த்தாரா, அல்லது கேட்டதை எழுதினாரா? இதைச் சொல்வதால் அவருக்கு வரும் ஆதாயம் என்ன, நஷ்டம் என்ன? எதைச் சொல்லாமல் விட்டார்? பிழை சுட்டிக்காட்டப்பட்டபோது திருத்தினாரா? தமக்கு விருப்பமானவர்களுக்கு விரோதமான உண்மையை என்றைக்காவது எழுதியிருக்கிறாரா? இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைவரப்பட வேண்டும் என்னும் உபாகமத்தின் பிரமாணம் நியாயஸ்தலத்துக்கு மட்டும் உரியதன்று. நம் காதுக்கும் அது வேண்டும்.

இப்போது என் அறிக்கை. உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். ஒரு ஞாயிறு காலையில், ஒரு கிராமத்தின் ஜெபவீட்டை ஊரார் திரண்டுவந்து இடித்தார்கள் என்ற செய்தியை வாசித்தேன். எழுதியவர் நம் ஜனத்துக்காகத் துணிந்து பேசுகிறவர் என்று நான் மதித்திருந்தவர். வேறு எதையும் விசாரியாமல், பரிந்துரை ஜெபத்தில் அவ்வூரின் பெயரைச் சொல்லி, துன்பப்படுத்துகிறவர்களின் கண்களைத் திறந்தருளும்படி வேண்டிக்கொண்டேன். நீங்களும் ஆமென் சொன்னீர்கள்.

அந்த வாரத்தில் நம் சபையின் சகோதரர் ஒருவர் என்னைத் தேடிவந்தார். அவருடைய தங்கையை அவ்வூரில் கொடுத்திருக்கிறார்கள். “ஐயா, அது உடன்பிறந்த இருவருக்குள் நடந்த எல்லைத் தகராறு. இருவரும் நம்மவர்களே. மதிலை இடித்ததும் அவர்களே. ஊரார்தான் நடுவில் நின்று விலக்கிவிட்டார்கள்” என்றார். சமாதானம் பண்ணினவர்களைத் தேவசந்நிதியில் நான் குற்றவாளிகளாக நிறுத்தியிருந்தேன்.

செய்தியாளர் போய்ப் பார்க்கவில்லை. நானும் ஒரு தொலைபேசி அழைப்பளவு சிரமம்கூட எடுக்கவில்லை. ஏன்? அந்தச் செய்தி நான் ஏற்கெனவே நம்பியிருந்ததற்கு ஒத்திருந்தது. தாவீது அகிமாஸின் ஓட்டத்தைக் கண்டு மகிழ்ந்ததுபோல, எழுதியவரின் பெயரைக் கண்டவுடனே நான் நம்பிவிட்டேன். அவருடைய சார்பை நான் காணாதபடி என் சார்பு மறைத்தது.

மறுவாரம் உங்கள் முன்பாக மன்னிப்புக் கேட்டேன். அவ்வூருக்கும் போய், பெரியவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, “வந்து பார்த்தீர்களே, அது போதும்” என்றார். அவர் மன்னித்துத்தான் அப்படிச் சொன்னார். எனக்கோ, முன்பே வந்திருக்க வேண்டும் என்று அது உணர்த்திற்று.

நம்மவர் உண்மையாகவே துன்பப்படும் இடங்கள் உண்டு. அவர்களுக்காக ஜெபிப்பதை நிறுத்த வேண்டாம். நாம் பொய்யைப் பரப்பினால், மெய்யாகவே அழுகிறவர்களின் சத்தத்தையும் உலகம் நம்பாமற்போகும். அதற்காகவே விசாரியுங்கள். இந்த வாரம் உங்கள் கைபேசிக்கு வரும் ஒரு செய்தியையாவது, அனுப்புமுன் நிறுத்தி வையுங்கள். அது உங்களுக்கு மிகவும் பிரியமான செய்தியாயிருந்தால், இன்னும் சற்று அதிகமாக நிறுத்தி வையுங்கள்.

ஜெபம்: சத்தியமுள்ள ஆண்டவரே, நாங்கள் கேட்க விரும்புவதை அல்ல, உள்ளதைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதபடி எங்கள் நாவையும் விரல்களையும் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.