ஒரு லட்சம் என்றால் 'வேண்டாம்'

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கதையைச் சொன்னாலும் மனசு முதலில் தொகையைத்தான் பிடித்துக்கொள்ளும். கே.பி.சுந்தராம்பாள் என்றதும் உங்களுக்கு ஔவையாரின் விபூதிப் பட்டையும் கணீர்க் குரலும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு லட்ச ரூபாய்.

1935-ல் வெளியான 'நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் அது. அவர் அதைக் கேட்ட விதம்தான் சுவாரஸ்யம்.

1908-ல் கொடுமுடியில் பிறந்து, சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறியவர். இலங்கையில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு மேடையில் ஜோடி சேர்ந்தார். பிறகு வாழ்க்கையிலும். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27; இவருக்கு 25. வெள்ளைப் புடவைக்கு மாறிய சுந்தராம்பாள், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

சினிமாக்காரர்கள் விடுவார்களா? தட்டிக்கழிக்கத்தான் "ஒரு லட்சம்" என்றாராம். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார்! ஆனாலும் முடிவு மாறவில்லை. அந்தப் படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், டப்பிங் பேசுகிறவர். நல்ல குரல். "ரேட் என்னம்மா?" என்று யாராவது கேட்டால், "நீங்க பார்த்துக் குடுங்க சார்" என்பார். பார்த்துக் கொடுங்கள் என்றால் நம் ஊரில் குறைத்துக் கொடுங்கள் என்று அர்த்தம். அவரிடம் இந்த ஒரு லட்சம் கதையைச் சொன்னேன்.

"அவங்களுக்கு அந்தக் குரல் இருந்துச்சு, கேட்டாங்க. நான் கேட்டா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க சார்."

நியாயமான பதில்தான். ஆனால் சுந்தராம்பாளின் கணக்கை இன்னொரு தரம் பாருங்கள். 25 வயதில், ஜோடியாக நடிக்க மாட்டேன் என்கிறார் ஒரு நடிகை. எந்தக் கணக்குப்பிள்ளையும் கடையைச் சாத்தச் சொல்லியிருப்பார். நடந்தது என்ன? 'மணிமேகலை' (1940), 'ஔவையார்' (1953), 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள் (1964), 'திருவிளையாட'லில் மறுபடியும் ஔவை (1965). ஜோடி தேவைப்படாத பெண்கள் நம் இலக்கியத்தில் எத்தனை பேர் என்பதே அவரால்தான் திரையில் தெரிந்தது. 1951-ல் மேல்சபை உறுப்பினரானார். 'துணைவன்' (1969) படத்தில் பாடியதற்குத் தேசிய விருது வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

குரல் ஆண்டவன் கொடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். நிபந்தனை அவரே போட்டது. 1980-ல் கண் மூடும்வரை அதில் மட்டும் அவர் யாருக்கும் தள்ளுபடி கொடுக்கவில்லை.