தூவி இல்லாத வேர்

ஊமெயோ, சுவீடன்
செப்டம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

வேர் நுனிக்குச் சற்று மேலே வெள்ளைச் சாக்கட்டியால் மயிர் மயிராக இழுப்பீர்களே, வேர்த்தூவி என்று. மண்ணிலிருந்து உறிஞ்சுவதெல்லாம் இதுதான் என்று சொல்லித் தந்தீர்கள். நேற்று இங்கே ஒரு பைன் மரத்தடியில் பாசியை விலக்கி, ஒரு துண்டு வேரை எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தேன். தூவியே இல்லை, அத்தை! நுனிகள் குட்டையாகத் தடித்துக் கவட்டை கவட்டையாகப் பிரிந்திருந்தன. அவற்றின்மேல் உறை மாட்டியதுபோலப் பூஞ்சை. அதிலிருந்து கிளம்பிய இழைகள்தான் மண்ணுக்குள் போகின்றன. 1885-இல் ஜெர்மனியின் பிராங்க் ‘மைக்கோரைசா’ என்று பெயர் வைத்தது இதற்குத்தான்.

இந்த மண்ணில் தழைச்சத்து இல்லாமலில்லை. குளிரில் சருகு சீக்கிரம் மக்காது. அதனால் சத்து பெரும்பாலும் மட்கோடு பிணைந்தே கிடக்கிறது. பூஞ்சை நொதி சுரந்து அதைப் பிரித்தெடுக்கிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது.

எவ்வளவு கொடுக்கிறது தெரியுமா? இங்கிருந்து வடமேற்கே விண்டெல்ன் பக்கத்தில், பீட்டர் ஹோக்பெர்க் குழுவினர் பைன் மரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்தார்கள். புளோயம் போய்விட்டால் சர்க்கரை வேருக்கு இறங்காதல்லவா? இரண்டு மாதத்துக்குள் மண்ணிலிருந்து வரும் கரியமில வாயு ஏறக்குறைய 54% குறைந்துவிட்டது. 2001-இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மட்கும் சருகின் மூச்சு என்று நினைத்திருந்ததில் பாதி, மேலே ஊசியிலையில் சில நாள் முன்பு சமைத்த சர்க்கரை!

காட்டில் மரத்துக்குப் பூஞ்சை தாய்போல ஊட்டுகிறது என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தழைச்சத்து அரிதான இடத்தில் பூஞ்சை முதலில் தன் உடம்புக்குத்தான் எடுத்துக்கொள்கிறது; மிஞ்சியதே மரத்துக்கு. டோர்க்னி நேஷோல்ம் குழுவினர் 2013-இல் இதை எழுதினார்கள். மரம் பசியோடு நின்றபடியே கொடுத்துக்கொண்டிருக்கிறது. கொடுப்பதை நிறுத்தினால் அந்தக் கொஞ்சமும் பக்கத்து மரத்துக்குப் போய்விடுமே. அதைத் தாய்ப்பாசம் என்று சொன்னால், அந்த மரம் படும் பாடு கண்ணில் படாமல் போகிறது.

உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

நான் பார்த்த வேர் நுனியைப் பென்சிலால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பாகங்களை மட்டும் குறிக்கவில்லை. அதை நீங்கள்தான் குறித்து அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்