விட்டுக் கொடுக்காதீங்கோ

பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு, ஒரு பழக்கூடை, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம். முதியோர் இல்லத்துக்குப் போவதென்றால் எங்களில் கனபேருக்கு இவ்வளவுதான் தெரியும்.

நான் போகிற இல்லத்தில் பின்னேரம் நாலு மணிக்கு 304 தொடங்கும். பக்கவாதம் வந்த ஐயா ஒருவர் நெடுநாள் ஓரமாக இருந்து பார்க்க மட்டும் செய்தார். ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஒரு கையால் எட்டையும் விரித்துப் பிடிக்க ஏலாது, மேசையில் வைத்தால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். கடைசியில் ஒரு துண்டுப் பலகையில் நீளமாகப் பள்ளம் அறுத்துக் கொடுத்தோம். சீட்டுகள் அதில் நிமிர்ந்து நின்றன. கண் மங்கிய ஆச்சிக்காகப் பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டும் வந்தது.

விளையாட்டின் விதியில் மட்டும் கை வைக்கவில்லை. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு வகைக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. இந்தக் கணக்கை மனதுக்குள்ளேயே ஓட்டுகிற மனிசனைச் சின்னப்பிள்ளை மாதிரி நடத்தலாமா? ஒருநாள் வந்திருந்த பெடியன் ஒருத்தன் பாவம் பார்த்து வேண்டுமென்றே தோற்றான். ஐயா சீட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, விட்டுக் குடுக்கிறதெண்டா நாளைக்கு வராதையும்."

உடம்பை அசைக்கிற விளையாட்டும் அப்படித்தான். நடுவில் ஒரு கயிறு, இரண்டு பக்கமும் கதிரைகள், பந்துக்குப் பதில் பலூன். பலூன் மெதுவாக வரும், கையைத் தூக்க நேரம் கிடைக்கும், பட்டாலும் நோகாது. பாதம் நிலத்தில் பதியவேண்டும், சக்கரக் கதிரைக்கு பிரேக் போடவேண்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்தவேண்டும். வயதானவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. "பயிற்சிக்கு வாங்கோ" என்றால் ஒருத்தரும் எழும்பமாட்டினம். "நேற்று தோத்த கோஷ்டி எங்க?" என்றால் எல்லாரும் வருவினம்.

உடம்புக்கு ஏலாததை மாற்றுவோம். ஆனால் புள்ளி, போட்டி, தோல்வி, அதுக்குப் பிறகு வருகிற சண்டை எல்லாம் அப்படியே இருக்கட்டும். மற்ற நேரமெல்லாம் அவர்களுக்காக வேறு யாரோ முடிவெடுக்கிறார்கள். எந்தச் சீட்டைப் போடுவது என்பதையாவது அவர்களே முடிவு செய்யட்டும்.

அடுத்த முறை சாப்பாட்டோடு ஒரு சீட்டுக்கட்டும் கொண்டு போங்கோ. வெல்லத்தான் பாருங்கோ. அநேகமாகத் தோற்பீங்கள்.